விரலளவு சிப்பாய்களுக்கு வர்ணம் பூசும் வேலை

சென்ற ஆண்டு மாரி தொடங்கிய நாட்களில் எங்கள் மாதர் குழுக் கூட்டத்துக்கு ஓர் அக்கா பழைய பால்மா ரின் ஒன்றைக் கொண்டு வந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்த வேளை அவர் அதனைத் திறந்து மேசையில் மெதுவாகக் கவிழ்த்தார். பஞ்சில் சுற்றிய சிறு உருவங்கள் பன்னிரண்டோ பதின்மூன்றோ விழுந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதியளவுதான் இருக்கும். சில சாம்பல் நிறப் பிளாஸ்ரிக், சில உலோகம். இரண்டுக்கு மட்டும் வர்ணம் பூசப்பட்டிருந்தது. தொப்பி, இடுப்புப் பட்டி, பொத்தான், மீசை என எல்லாமே அந்தச் சிற்றுருவத்தில் தெளிவாகத் தெரிந்தன.

"கொலுவுக்கு வைக்கிறதோ அக்கா?" என்று ஒருத்தி கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அதன் கையில் துவக்கு இருந்தது. அவள் அதனை முகம் குப்புற மேசையில் வைத்துவிட்டு, குடித்த தேத்தண்ணியையும் விட்டுவிட்டு வெளியே போய் முற்றத்தில் நின்றாள். அன்று நான் உடனே அவற்றை எடுத்து மறைத்திருக்க வேண்டும். எதைக் கண்டால் எவருக்குப் பழைய நினைவு கிளறும் என்று பயிற்சிப் பட்டறைகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆனால் அந்த உருவங்களின் அழகில் நானும் ஒரு நிமிடம் மயங்கித்தான் போனேன்.

அக்காவின் கேள்வி வேறாக இருந்தது. "மகள் இந்த வேலைக்குப் போகப் போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். கொழும்புப் பக்கம் ஓரிடத்தில ஆக்களை எடுக்கினமாம். ஒரு உருவத்துக்கு இவ்வளவு எண்டு காசு. அனுப்பலாமோ பிள்ளை?"

2009இல் கணவரை இழந்தவர் அவர். தம்பியைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. ஊரில் கலியாண வீடுகளுக்கு மருதாணி போடும் கைகாரி. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவின் மகன்தான் இந்த ரின்னையும் சில வர்ணப் போத்தல்களையும் விட்டுப் போனவன். அவனுக்கு இது பொழுதுபோக்கு. ஒரு மாதம் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். வெளிநாட்டு விளையாட்டுக்காரருக்கு இவ்வாறான உருவங்களுக்கு வர்ணம் பூசிக் கொடுக்கும் நிலையங்கள் இலங்கையிலும் இயங்குகின்றன என்பதை அவன் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். உருவங்கள் பொதியாக இங்கே வரும். பூசி முடிந்ததும் பொதியாகத் திரும்பிப் போகும்.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. தெரியாத வேலைக்கு அனுப்பு என்றும் சொல்ல முடியாது, மறி என்றும் சொல்ல முடியாது. ஆகவே தேடிப் பார்த்தேன். தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ ஆறடி நீளமும் நாலடி அகலமுமான மேசை. அதன்மேல் செய்து வைத்த மலை, மரம், வீடு. இரு பக்கமும் இரண்டு சிறு படைகள். அளவுநாடாவால் அளந்து உருவங்களை நகர்த்துவார்கள். தாயக்கட்டை உருட்டி யாருக்கு அடி பட்டது என்று தீர்மானிப்பார்கள். அடிபட்ட உருவம் மேசையிலிருந்து எடுக்கப்படும். 1824இல் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாக இதுபோன்றதொரு விளையாட்டை றைஸ்விட்ஸ் என்ற அதிகாரி ஒழுங்குபடுத்தினார். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் ஒருவர் கதை சொல்லியாக இருக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நடத்திச் செல்வார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய 'கேம்ஸ் வேர்க்‌ஷொப்' நிறுவனம் இப்போது நொட்டிங்ஹாமில் இருக்கிறது. 2024 டிசம்பரில் அது பிரித்தானியாவின் நூறு பெரிய பங்குச்சந்தை நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பெரிய மனிதர்கள் சிறிய பொம்மைகளுக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு கணக்குத் தேவையில்லை. ஒரு படைக்குப் பத்துக் கணக்கில், சிலவேளை நூற்றுக்கு மேலும் உருவங்கள் தேவை. அத்தனைக்கும் தாமே வர்ணம் பூச எல்லோருக்கும் நேரமோ கைத்திறனோ இல்லை. கூலிக்கு வர்ணம் பூசுவோர் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் என்னை இழுத்துப் பிடித்தது விளையாட்டின் வரலாறு அல்ல, வர்ணம் பூசிய கைகளின் வரலாறு. ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தட்டையான தகரச் சிப்பாய்கள் வார்க்கப்பட்டன. அவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோய் வர்ணம் பூசிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஈயச் சிப்பாயை உள்ளே வெறுமையாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது. சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் சிப்பாய் எட்டியது. வட லண்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு வர்ணம் பூசியவர்களும் பெண்களே. வார்த்தவரின் பெயர் இன்றும் பெட்டியில் இருக்கிறது. பூசியவர்களின் பெயர் எங்கும் இல்லை. சமூகவியல் வகுப்பில் 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பு' என்று படித்தபோது எனக்கு நெல் புடைக்கும் பெண்களும் பீடி சுற்றும் பெண்களும்தான் நினைவுக்கு வந்தார்கள். சிப்பாயின் சிவப்புச் சட்டையும் அந்த வரிசையில் வரும் என்று நினைத்திருக்கவில்லை.

இன்னொரு பெட்டியின் கதையும் உண்டு. 1826 ஜூனில் இங்கிலாந்தின் ஹவர்த் என்ற ஊரில் இருந்த ஒரு பாதிரியார் தன் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மகன் பிரான்வெல். அவனுடைய மூன்று சகோதரிகளும் ஓடிவந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொண்டார்கள். மூத்தவள் தன்னுடையதற்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். தாயில்லாத பிள்ளைகள். முந்திய ஆண்டுதான் மூத்த அக்காமார் இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார்கள். அந்த மரச் சிப்பாய்களுக்கு நாடு உண்டாக்கி, நகரம் உண்டாக்கி, சிறு சிறு கடதாசிப் புத்தகங்களில் நுணுக்கி நுணுக்கி எழுதத் தொடங்கினார்கள். அந்தச் சகோதரிகள்தான் பின்னர் உலகம் அறிந்த எழுத்தாளர்களான சார்லொட், எமிலி, ஆன் புரொன்டே. கையில் கிடைத்தது சிப்பாய். அவர்கள் அதைக்கொண்டு செய்தது கதை.

ஒரு ஞாயிறு பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளை விறாந்தையில் யன்னலோரம் மேசை போட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு உருவத்தை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் செய்து காட்டினாள்.

அச்சில் வார்க்கும்போது இரு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதனை முதலில் சிறு கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பூசிய பிறகு முகத்தின் நடுவே தழும்பு போலத் தெரியும். பின்னர் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் ஒட்டாது. காய்ந்ததும் கறுப்பு, வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு. உருவத்தைப் பழைய போத்தல் மூடி ஒன்றில் ஒட்டி வைத்துக் கொண்டால் கை படாமல் திருப்பித் திருப்பிப் பூசலாம்.

வர்ணம் அக்ரிலிக். தண்ணீரில் கரையும். போத்தலில் இருந்தபடியே பூசக்கூடாது, பால் பதத்துக்கு வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். தடிப்பாக ஒரு தரம் பூசுவதிலும் மெல்லிதாக இரண்டு தரம் பூசுவது நல்லது. இல்லாவிட்டால் விரலும் பொத்தானும் மூடுண்டு போகும். எங்கள் வெக்கைக்கு வர்ணம் நிமிடத்தில் காய்ந்துவிடும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் ஈரமான ஸ்பொஞ்சுத் துணியை விரித்து, அதன்மேல் கேக் சுடும் கடதாசியைப் போட்டு, அதில் வர்ணத்தைக் கலக்கிறாள். கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் பாவிக்கலாம்.

"மிகச் சின்னப் பிறஷ் வேணுமோ?" என்று கேட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன் மிஸ் என்றாள். மயிரிழை போன்ற பிறஷ் என்றால் உருவத்துக்குப் போய்ச் சேர முன்னரே அதில் உள்ள வர்ணம் காய்ந்துவிடுமாம். நுனி கூராக இருக்கும் சற்றுப் பெரிய பிறஷ்தான் வேலைக்கு உதவும். கீரியைப் போன்ற ஒரு சைபீரிய விலங்கின் வால்மயிரில் செய்த பிறஷ்தான் இதில் சிறந்தது. விலை கூட. அவளிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நுனியைச் சீராக்கி, சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

அடி நிறங்கள் முடிந்ததும் வெறும் பொம்மை போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் உயிர் வந்தது. விரலளவு உருவத்தில் இயற்கையான நிழல் போதியளவு விழாது. நிழலையும் வெளிச்சத்தையும் நாங்கள்தான் பூச வேண்டும். சாயத் தேத்தண்ணி போன்ற நீர்த்த வர்ணத்தை மேலே ஓடவிட்டாள். அது மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் போய்த் தங்கி நிழலானது. காய்ந்ததும் பிறஷில் இளநிறம் தொட்டு, அதில் முக்கால்வாசியையும் துணியில் துடைத்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் போடுவது போல மேடான இடங்களில் மட்டும் தடவினாள். தோள், மூக்கு, முழங்கால் எல்லாம் வெளிச்சம் பட்டது போல எழுந்து வந்தன. கண்ணைக் கடைசியில் வைத்தாள். கறுமணியை நடுவில் வைத்தால் பேயைக் கண்டவன் போல விழிப்பானாம். ஆகவே இரண்டையும் ஒரு பக்கம் பார்க்க வைக்க வேண்டும். கண்ணே வைக்காமல் விடுபவர்களும் உண்டு, கையெட்டும் தூரத்தில் யாருக்கும் தெரியாது என்று சொன்னாள். ஆனால் அவள் வைக்கிறாள்.

முகத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். அண்ணன் விட்டுப் போன போத்தல்களில் சதை நிறம் என்று இருந்தது வெள்ளைக்காரரின் இளஞ்சிவப்புத்தான். அமெரிக்காவின் கிறயோலா நிறுவனம் அப்படியொரு கிறயோனின் பெயரை 1962இலேயே மாற்றிவிட்டது. இந்தப் பிள்ளை மண்ணிறத்தில் சிவப்பும் மஞ்சளும் கலந்து எங்களுடைய நிறத்தைத் தானே எடுத்து வைத்திருக்கிறாள்.

வேலை செய்யும்போது அவள் பிறஷை உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கினாள். நான் பதறிப் போனேன். அதற்குக் காரணம் உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் இளம் பெண்கள் மணிக்கூட்டு முகப்புகளுக்கு இருட்டில் ஒளிரும் றேடியம் வர்ணம் பூசினார்கள். உதட்டில் வைத்துப் பிறஷைக் கூராக்கும்படிதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பல்லும் தாடையும் சிதைந்து பலர் இறந்தார்கள். 1927இல் கிறேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் இன்னும் நால்வரும் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது நட்டஈட்டுடன் முடிந்தது. எங்கள் போத்தல்களில் றேடியம் இல்லைத்தான். ஆனாலும் சில நிறங்களில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பது பூசுகிறவளுக்குத் தெரியாது. பழைய சிப்பாய்கள் ஈயத்தால் ஆனவை. பிரிட்டன் நிறுவனமே 1966இல்தான் ஈய வார்ப்பை நிறுத்தியது. ஆகவே சகோதரிகளே, வர்ண வேலை எதுவாக இருந்தாலும் பிறஷை வாயில் வைக்க வேண்டாம், உள்ளங்கையில் உருட்டினால் நுனி கூராகும். சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விசிறும் அடிப்பூச்சை வீட்டுக்குள்ளே அடிக்காமல் முற்றத்தில் அடியுங்கள். பிசின் வார்ப்புகளை அராவும்போது தூசு சுவாசப்பைக்குள் போகும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பொருளை நனைத்து அராவ வேண்டும். கண்ணுக்கு அவ்வப்போது ஓய்வு வேண்டும், தூரத்து மரத்தைப் பார்த்தாலும் போதும். அவளுடைய யன்னலோரத்தில் நல்ல வேளையாக ஒரு மாமரம் நிற்கிறது.

அடுத்தது கூலி. துண்டுக் கணக்கில் கூலி என்றால் கை வேகமானவளுக்கு இலாபம், புதியவளுக்கு நட்டம். பிழை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி பூசும் நேரத்துக்குக் காசு உண்டா, பழகும் மாதங்களில் என்ன தருவார்கள், வர்ணமும் பிறஷும் யாருடைய செலவு என்ற கேள்விகளை நாங்கள் இருந்து எழுதினோம். துண்டுக் கணக்கில் கூலி பெறுபவருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு என்பது எங்கள் பெண்கள் பலருக்குத் தெரியாது. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். தாயும் மகளும் பஸ் ஏறிப்போய் அந்த இடத்தைப் பார்த்தார்கள். வெளிச்சமும் காற்றும் நல்லாய் இருந்தன, வேலை செய்யும் பிள்ளைகளும் மரியாதையாய்ப் பேசினார்கள் என்றார் அக்கா. சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் "பிறகு பார்ப்பம்" என்று பதில் வந்ததாம்.

இவ்வளவும் பேசிய பிறகும் பெரிய கேள்வி அப்படியே கிடந்தது. யுத்தம் எதுவென்று கண்டவர்கள் யுத்தத்தை விளையாடுகிறவர்களுக்குப் பொம்மை செய்து கொடுக்கலாமா? குழுவில் இதைப் பற்றிக் கதைத்தோம். அன்று நான் உருவங்களைக் கொண்டு போகவில்லை.

"செத்த பிணம் எண்டா என்னெண்டு தெரியாதவைக்குத்தான் இது விளையாட்டு" என்றாள் ஒருத்தி. "காமென்ற்ஸில நாங்கள் தைக்கிற உடுப்பை ஆர் போடுகினம் எண்டு கேட்டே தைக்கிறம்? பிள்ளைக்குக் காசு வந்தாச் சரி" என்றாள் இன்னொருத்தி. இரண்டிலும் நியாயம் உண்டு. முதலாவது பேச்சைக் கேட்டபோது மனம் கூசியது. இரண்டாவதைக் கேட்டபோது வாடகை வீட்டில் இருக்கும் அந்தத் தாயின் கணக்குக் கொப்பி நினைவுக்கு வந்தது.

எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பற்றிச் சொன்னேன். 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் பொம்மைச் சிப்பாய் விளையாட்டுக்கு விதிகள் எழுதியவர் அவர். பிரிட்டன் நிறுவனத்தின் ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, மரத்துண்டு எறியும் சிறு பீரங்கியால் விழுத்துவார். விளையாட்டுப் போரே இவ்வளவு குளறுபடியாக இருந்தால் உண்மைப் போர் எவ்வளவு மூடத்தனம் என்று அதே நூலின் முடிவில் எழுதினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் வந்தது. அதற்குப் பிறகு பெற்றோருக்குச் சிப்பாய்ப் பொம்மைகள் கசந்துவிட, 1920களின் தொடக்கத்தில் பிரிட்டன் நிறுவனம் பண்ணை உருவங்களைச் செய்யத் தொடங்கியது. மாடு, கோழி, வேலி, பண்ணைக்காரன், அவன் மனைவி. சிவப்புச் சட்டை பூசிய தொழிற்சாலையிலே மாட்டுக்குப் புள்ளி வைக்கும் வேலையும் வந்து சேர்ந்தது.

"அப்ப மாடு பூசச் சொல்லு பிள்ளையை" என்றாள் முற்றத்துக்கு எழுந்து போன அந்தப் பெண். அவள் அன்று வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

மாடு கிடைக்கவில்லை. ஆனால் கதை விளையாட்டுகளுக்கு ஊர்ச் சனங்களின் உருவங்களும் உண்டு. சிப்பாய்களுக்குள் கூடை சுமந்த கிழவி ஒருத்தி கிடந்தாள். அடுத்த கூட்டத்தில் அதனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துப் பூசச் செய்தாள் பிள்ளை. ஒரு மணித்தியாலம் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று அச்சில் தெளிவில்லை. அவள் பச்சை பூசிவிட்டு முருங்கையிலை என்றாள். சிப்பாயை இன்றுவரை அவள் தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிள்ளை கொழும்புக்குப் போகவில்லை, இப்போதைக்கு. இங்கிலாந்தில் உள்ள அண்ணனுக்கும் அவனுடைய கூட்டாளிமார் இருவருக்கும் வீட்டிலிருந்தே பூசிக் கொடுக்கிறாள். காசு வங்கிக்கு வருகிறது. பெரிய தொகை இல்லை, மருதாணிக் காசோடு சேர்த்தால் வீட்டு வாடகை கட்டும். அந்த நிலையம் சேமலாப நிதிக்குப் பதில் சொன்னால் தை பிறந்த பிறகு யோசிக்கலாம் என்பது தாயின் முடிவு. நான் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போன மாதம் அங்கு போனபோது பிள்ளை முடித்த சிப்பாய் ஒன்று மேசையில் காய்ந்துகொண்டு இருந்தது. அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அதனைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சப்பாத்தில சேறு இல்லை" என்றார்.

பிள்ளை தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பிடிப் பளபளவெண்டு இராது. முழங்கால் மட்டும் சேறு இருக்கும். மேல காஞ்சு வெளிறி, கீழ ஈரமாய்க் கறுத்திருக்கும்."

அவள் ஒன்றும் பேசாமல் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து மண்ணிறத்தில் வெள்ளை கொஞ்சம் கலந்தாள். அக்கா பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எதுவரை பூச வேண்டும் என்று ஈர்க்கு நுனியால் காட்டினார்.